மூன்று பெடல்களும் ஓட்டுநரின் உடலும்: கையால் கியர் மாற்றும் கார்களில் காலுக்கான இடத்தின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

கையால் கியர் மாற்றும் கார்களில் இடமிருந்து வலமாகக் கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர் என்னும் வரிசை இன்று உலகெங்கும் ஒன்றே. 1910-களில் உருப்பெற்றுப் பின்னர் பொது வழக்காகிய இவ்வரிசை, பெடல்கள் எந்த முறையில் அமைய வேண்டும் என்பதை மட்டுமே நிலைப்படுத்தியது. ஓட்டுநரின் இடுப்புக்கும் ஸ்டியரிங்குக்கும் நேராக அவை எங்கே அமைய வேண்டும் என்பது நிலைபெறவில்லை. எஞ்சினும் கியர்பெட்டியும் முன்சக்கரமும் எடுத்துக்கொண்டது போக மிஞ்சிய இடமே கால்களுக்கு வாய்த்தது. ஸ்டியரிங் வலப்பக்கம் அமைந்த நாடுகளில், இந்தியாவில் குறிப்பாக, இதன் விளைவு எவ்வாறு வேறுபட்டது என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கிளட்ச், பெடல் அமைப்பு, ஓட்டுநர் இருக்கை, வலப்பக்க ஸ்டியரிங், உடலளவியல், இந்தியக் கார்கள்

முன்னுரை

ஒரு நிறுவனத்தின் காரை ஓட்டிப் பழகியவர் வேறொரு நிறுவனத்தின் காரில் அமர்ந்தால், எந்தப் பெடல் எதற்கு என்று கேட்க வேண்டிய தேவை இன்று இல்லை. ஸ்டியரிங் இடப்பக்கம் உள்ள நாட்டிலிருந்து வலப்பக்கம் உள்ள நாட்டுக்கு வந்தவருக்கும் கை மாறுகிறதே தவிரக் கால் மாறுவதில்லை. எனினும் அவர் ஒருமணி நேரம் ஓட்டிய பின் எழும் கேள்வி வேறு. வலக்கால் ஏன் உள்நோக்கித் திரும்பியிருக்கிறது? கிளட்ச்சை முழுவதும் அமிழ்த்தும்போது முழங்கால் ஏன் ஸ்டியரிங்கின் அடிப்பகுதியை நெருங்குகிறது? கியர் மாற்றாத நேரத்தில் இடக்காலை எங்கே வைப்பது? இவை இருக்கையின் மெத்தையைப் பற்றிய கேள்விகள் போலத் தோன்றினும், இவற்றிற்கான விடை பெரும்பாலும் இருக்கைக்கு வெளியே, எஞ்சின் அறைக்கும் பயணிகள் அறைக்கும் இடையிலுள்ள தடுப்புத் தகட்டின் இருபுறத்திலும் கிடக்கிறது.

கார் வரலாற்றை எழுதுவோர் எஞ்சினுக்கும் வேகத்துக்கும் புறவடிவுக்கும் அளித்த இடத்தைக் கால்வைக்கும் குழிக்கு அளித்ததில்லை. அங்கே நடந்த மாற்றங்கள் சிறியவை. ஆனால் நாள்தோறும் எட்டு மணி, பத்து மணி நேரம் ஓட்டுவதைத் தொழிலாகக் கொண்டவரின் இடுப்பும் முழங்காலும் அவற்றையே சுமந்தன.

வரிசை இல்லாத காலம்

1886-இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் ஓட்டுநரின் கால்களுக்குப் பெரிய வேலை எதுவும் இருக்கவில்லை. வாரை நகர்த்தி வண்டியை இயக்குவதும் நிறுத்துவதும் கைநெம்புகோலின் பணியாகவே இருந்தன. கால் வேலைக்கு அழைக்கப்பட்டது கியர்பெட்டியின் வரவால்தான். 1891-ஆம் ஆண்டையொட்டிப் பிரான்சின் பனார் லவாசோர் நிறுவனம் எஞ்சினை முன்னும், அதன் பின்னே கிளட்ச்சையும் கியர்பெட்டியையும், பின்சக்கரங்களுக்கு உந்துவிசையையும் வைத்து ஓர் அமைப்பை உருவாக்கியது. பற்சக்கரங்களை நகர்த்தி இணைக்க வேண்டுமெனில் எஞ்சினின் விசையை ஒரு கணம் துண்டிக்க வேண்டும். அந்தக் கணத்தில் ஒரு கை வண்டியைத் திருப்பும் பிடியிலும் மறுகை கியர் நெம்புகோலிலும் இருக்கும். விசையைத் துண்டிக்கக் கால் ஒன்றே மீதம். கிளட்ச் பெடல் பிறந்த காரணம் இத்துணை எளியது.

கிளட்ச்சுக்கு இடக்கால் என்றால் பிரேக்குக்கு வலக்கால் என்பது இயல்பான பங்கீடு. இரண்டும் உடல்வலு வேண்டுபவை. ஆக்சிலரேட்டரோ தொடக்கத்தில் கால்களின் பொறுப்பே அன்று; ஸ்டியரிங் சக்கரத்தின் நடுவிலோ அடியிலோ இருந்த சிறு நெம்பினால் எரிபொருளின் அளவு கூட்டிக் குறைக்கப்பட்டது. பின்னர் அதற்குத் துணையாகக் காலால் அமிழ்த்தும் பொத்தானோ சிறு பெடலோ சேர்ந்தபோது, இரு பெரிய பெடல்கள் முன்பே இடம் பிடித்துவிட்டிருந்தன. பிந்தி வந்தது கிடைத்த இடத்தில் அமர்ந்தது. சிலர் அதை இரண்டுக்கும் நடுவே வைத்தனர். சிலர் பிரேக்கிற்கு வலப்புறம் வைத்தனர். இன்று விபத்து ஆய்வுகளில் பேசப்படும் பிரேக்-ஆக்சிலரேட்டர் அண்மை, யாரும் திட்டமிட்டு வகுத்த ஏற்பாடாகத் தோன்றவில்லை. பிந்தி வந்த ஓர் உறுப்புக்கு ஒதுங்க இடம் கொடுத்ததன் விளைவாகவே அதனைக் கொள்ள வேண்டும்.

இக்காலத்தின் குழப்பத்தை ஒரே வண்டியில் காண வேண்டுமானால் 1908-இல் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி-யைக் காணலாம். அதிலும் மூன்று பெடல்கள் உண்டு. ஆனால் ஒன்றுகூட இன்றைய பொருளில் இல்லை. இடப்பக்கப் பெடலை முழுவதும் அமிழ்த்தினால் வண்டி தாழ்ந்த கியரில் செல்லும். பாதி விட்டால் எந்தக் கியரும் இல்லாத நிலை. முழுவதும் விட்டால் உயர் கியர். நடுப்பெடல் பின்னோக்கிச் செல்வதற்கு. வலப்பெடல் பிரேக். எரிபொருளைக் கட்டுப்படுத்துவது ஸ்டியரிங்கின் கீழே வலப்புறமிருந்த சிறு நெம்பு. தீப்பொறி நேரத்தை மாற்றுவது இடப்புற நெம்பு. மேடு ஏறும்போது இடக்காலை அழுத்தியபடியே வைத்திருக்க வேண்டும். இன்றைய ஓட்டுநர் இதில் ஏறி, ஆபத்து நேரத்தில் பழக்கத்தால் நடுப்பெடலை மிதித்தால், வண்டி பின்னோக்கிச் செல்ல முனையும். 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட மாடல் டி வண்டிகள் செய்யப்பட்டன என்பதால் இதை ஓர் ஓரத்து விநோதமாக ஒதுக்கிவிட முடியாது. ஒரு தலைமுறை ஓட்டுநர்களுக்கு இதுவே கார் ஓட்டும் முறை.

வரிசை நிலைபெற்ற விதம்

1916-ஆம் ஆண்டின் காடிலாக் டைப் 53 இன்றைய அமைப்பின் முன்னோடியாகப் பெரும்பாலும் சுட்டப்படுகிறது. இன்றைய வரிசையில் மூன்று பெடல்கள், முன்னிருக்கைகளின் நடுவே கியர் நெம்புகோல், அதனருகே கைபிரேக் ஆகியன அதில் ஒருசேர அமைந்தன. ஆனால் அது செல்வர்களின் வண்டி. அவ்வமைப்பைச் சிறிய, மலிவான வண்டியில் எளிய மக்களிடம் கொண்டுசென்றது 1922-இல் பிரிட்டனில் வெளிவந்த ஆஸ்டின் 7. அதை உரிமம் பெற்று ஜெர்மனியில் டிக்ஸி என்னும் பெயரில் செய்தனர், பி.எம்.டபிள்யூ நிறுவனம் கார்த் தொழிலில் கால் வைத்தது அந்த டிக்ஸியின் வழியாகவே. பிரான்சில் ரோசன்கார் நிறுவனமும் அதனை உரிமத்தின் பேரில் செய்தது. மலிவான ஒரு வண்டி எல்லைகளைக் கடந்தபோது அதன் பெடல் வரிசையும் உடன் கடந்தது. 1927-இன் இறுதியில் மாடல் டி-க்கு மாற்றாக மாடல் ஏ-யைக் கொண்டுவந்த ஃபோர்டும் தன் பழைய முறையைக் கைவிட்டு இந்த வரிசைக்கு வந்து சேர்ந்தது. அதன்பின் பெருந்தொகையில் விற்கும் வண்டிகளில் வேறு வரிசைக்கு இடமில்லாமற் போயிற்று.

விதிவிலக்குகள் நெடுநாள் நீடித்தன. 1920-களின் பென்ட்லி கார்களிலும் 1930-களின் ஆல்ஃபா ரோமியோ 8சி கார்களிலும் ஆக்சிலரேட்டர் நடுவிலும் பிரேக் வலக்கோடியிலும் இருந்தன. 1950-களின் பந்தய வண்டியான மசராட்டி 250எஃப்-இலும் அவ்வாறே. இதற்குக் காரணம் இல்லாமலில்லை. பற்சக்கரங்களின் வேகத்தைச் சமன்செய்யும் சிங்க்ரோமெஷ் 1928-இல் காடிலாக் கார்களில் அறிமுகமாகும்வரை, தாழ்ந்த கியருக்கு மாற்றுபவர் கிளட்ச்சை இருமுறை அமிழ்த்தி, இடையில் ஆக்சிலரேட்டரைத் தட்டி எஞ்சினின் வேகத்தை உயர்த்த வேண்டியிருந்தது. வேகத்தைக் குறைத்துக்கொண்டே இதைச் செய்ய வேண்டுமானால் ஒரே வலக்கால் பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் ஒருங்கே ஆள வேண்டும். நடுவிலிருக்கும் ஆக்சிலரேட்டர் அதற்கு வாகானது என்று பந்தய ஓட்டுநர் சிலர் கருதினர். ஆயினும் இரு வரிசைகளுக்கிடையே மாறி மாறி ஓட்டுபவரின் கால் எந்நேரம் எதை மிதிக்கும் என்பதற்கு உறுதியில்லை. வசதியைவிடப் பொதுமை வென்றது. அது சரியான வெற்றியே.

பிரிட்டனில் இன்னொரு வழக்கும் இருந்தது. வலப்பக்க ஸ்டியரிங் கொண்ட பழைய உயர்தரக் கார்களில் கியர் நெம்புகோல் ஓட்டுநரின் வலக்கைப்புறம், கதவுக்கும் தொடைக்கும் இடையே நின்றது. 1950-களின் தொடக்கம்வரை பென்ட்லி கார்களில் அதைக் காணலாம். வலக்கையால் கியர் மாற்றும் வசதி கிடைத்தது. விலையாக வலப்புறக் கதவின் வழியே ஏறுவதும் வலக்காலை அகட்டி வைப்பதும் கடினமாயின.

தரையிலிருந்து எழுந்தவையும் மேலிருந்து தொங்கியவையும்

வரிசை முடிவான பின்னும் பெடல் எங்கிருந்து முளைக்க வேண்டும் என்பது முடிவாகவில்லை. 1950-கள்வரை பெரும்பாலான கார்களில் பெடல்களின் தண்டுகள் தரைப்பலகையில் வெட்டிய துளைகளின் வழியே கீழிருந்து மேலே வந்தன. பிரேக் எண்ணெயின் முதன்மை உருளையும் தரைக்கடியிலேயே இருந்தது. அத்துளைகள் வழியே தூசியும் மழைநீரும் எஞ்சினின் வெம்மையும் உள்ளே வந்தன. எண்ணெய் சரிபார்க்கத் தரைவிரிப்பைத் தூக்க வேண்டியிருந்தது.

1952-இல் அமெரிக்க ஃபோர்டு கார்களில் கிளட்ச், பிரேக் பெடல்கள் மேலிருந்து தொங்கும் வகையில் அமைக்கப்பட்டன. முதன்மை உருளை எஞ்சின் அறைக்குள் சென்றது, தரை அடைப்பாயிற்று. பின்னர் கிளட்ச்சையும் எண்ணெய் அழுத்தத்தாலோ கம்பிவடத்தாலோ இயக்கத் தொடங்கியதும், பெடலுக்கும் கியர்பெட்டிக்கும் இடையே நேரான இரும்புத் தண்டு தேவையற்றதாயிற்று. பெடல்களை வலமோ இடமோ நகர்த்தும் உரிமை வடிவமைப்பாளருக்கு முதன்முறையாகக் கிட்டியது.

காலுக்கு இது நன்மையா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. தரையில் கீல் கொண்ட பெடல் குதிகாலுக்கருகே சுழல்கிறது. குதிகாலைத் தரையில் ஊன்றிப் பாதத்தை அமிழ்த்தும்போது பாதமும் பெடலும் ஏறக்குறைய ஒரே வட்டத்தில் செல்கின்றன. தொங்கும் பெடலின் வட்டம் இதற்கு நேர்மாறானது. அது அமிழும்போது பாதத்தின்மீது சற்று வழுக்கிச் செல்லும். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலும் போர்ஷே 911-உம் பல பத்தாண்டுகள் தரைப்பெடல்களை விடாதிருந்தன. இன்றும் பிரேக்கும் கிளட்ச்சும் தொங்கும் கார்கள் பலவற்றில் ஆக்சிலரேட்டர் மட்டும் தரையில் கீல் கொண்டிருப்பதைக் காணலாம். இடைவிடாது மிதிக்கப்படும் பெடல் அதுவே என்பதை நினைத்தால் இது பொருத்தமான ஏற்பாடு.

சக்கரம் எடுத்துக்கொண்ட இடம்

எஞ்சின் முன்னும் உந்துவிசை பின்னும் அமைந்த கார்களில் கால்குழியை நெருக்கியது நடுப்பகுதி. கியர்பெட்டியின் பருத்த முன்முனையும் தரையின் நடுவே ஓடும் தண்டுமேடும் உள்ளே புடைத்து வந்தன. எஞ்சினைப் பின்னே வைத்த பீட்டிலில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் மூக்கு குறுகியதால் முன்சக்கரக் கூடு ஓட்டுநரின் கால்புறம் வந்து நின்றது. பெடல்கள் காரின் நடுவை நோக்கி ஒதுங்கின.

இவ்வொதுக்கத்தைப் பெருவழக்காக்கியதில் 1959-இல் வெளிவந்த மினிக்குப் பெரும்பங்கு உண்டு. அலெக் இசிகோனிஸ் எஞ்சினைக் குறுக்கே கிடத்தி, 10 அங்குலச் சக்கரங்களை நான்கு மூலைகளுக்குத் தள்ளி, ஏறத்தாழ 3.05 மீட்டர் நீளமேயுள்ள வண்டியில் நால்வரை அமரச் செய்தார். இடத்தைச் சிக்கனமாக்கிய கலையில் அதற்கு இணை குறைவு. அந்தச் சிக்கனத்தில் விட்டுக்கொடுத்தது ஓட்டுநரின் உடல். ஸ்டியரிங் பேருந்தில் இருப்பதுபோல் படுக்கைவாட்டில் சாய்ந்தது. சக்கரக் கூட்டின் நெருக்கத்தால் பெடல்கள் நடுப்புறம் விலகின. ஓட்டுநர் இடுப்புக்கு மேலே நேராகவும் இடுப்புக்குக் கீழே சற்றுத் திரும்பியும் அமர வேண்டியதாயிற்று. வசதி சற்றுக் குறைந்திருந்தால் ஓட்டுநர் விழிப்போடிருப்பார் என்பது இசிகோனிஸின் கருத்தாகப் பலராலும் நினைவுகூரப்படுகிறது. மேதைகள் தம் கருவியின் குறைக்கு அறம் கற்பிப்பது புதிதன்று.

மினியைத் தொடர்ந்து குறுக்கு எஞ்சினும் முன்சக்கர உந்துதலும் சிறு கார்களின் பொது இலக்கணமாயின. அவற்றோடு முன்சக்கரக் கூடு கால்குழிக்குள் நுழைவதும், பெடல்கள் ஸ்டியரிங்கின் மையக்கோட்டை விட்டு விலகுவதும் பொது இலக்கணமாயின.

உடலை அளந்த கதை

உடலுக்கு ஏற்ப இடத்தை வகுக்க வேண்டுமெனில் முதலில் உடலை அளக்க வேண்டும். அம்முயற்சி கார்த்தொழிலுக்கு வெளியே தொடங்கியது. 1955-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் வில்ஃபிரட் டெம்ப்ஸ்டர், அமர்ந்து பணியாற்றுபவருக்கு வேண்டிய இடத்தைப் பற்றி அமெரிக்க விமானப்படைக்காக ஓர் அறிக்கை அளித்தார். மூட்டுகள் எவ்வளவு மடங்கும், கையும் காலும் எதுவரை எட்டும் என்பவற்றை அவர் உயிருள்ளவர்களிடத்தும் எட்டு ஆண் சடலங்களிடத்தும் ஆராய்ந்தார்.

1962-இல் அமெரிக்கத் தானுந்துப் பொறியாளர் கழகம் ஜே826 என்னும் தரநிலையை வெளியிட்டது. எடையேற்றிய ஒரு பொம்மையை இருக்கையில் அமர்த்தி, அதன் இடுப்பு மூட்டு எங்கே நிற்கிறது என்று குறிப்பது இதன் சாரம். அந்தப் புள்ளியும், ஆக்சிலரேட்டரை மிதிக்கும் பாதத்தின் குதிகால் தரையைத் தொடும் புள்ளியும் கிடைத்துவிட்டால் காரின் உள்ளறை முழுவதையும் அவற்றிலிருந்து வரைந்துவிடலாம். இரண்டுக்கும் இடையிலான செங்குத்து உயரம் 405 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் கார் வகை. அதற்குமேல் லாரி, பேருந்து வகை என்று பிரித்தனர். உயரம் குறையக் குறையக் கால்கள் முன்னோக்கி நீளும். கூடக் கூட முழங்கால் மடங்கிப் பெடலை மேலிருந்து கீழாக மிதிக்க நேரும்.

இந்தப் பொம்மையின் கால்நீளங்கள் ஆண்களின் அளவுகளிலிருந்து எடுக்கப்பட்டவை. நூற்றில் பத்தாவது, ஐம்பதாவது, தொண்ணூற்றைந்தாவது இடத்தில் நிற்கும் ஆணின் கால் என அவை வகுக்கப்பட்டன. பெண்களும், சிறிய உடலமைப்புடைய மக்களினத்தாரும் அந்தக் கணக்கின் கீழ்முனையிலோ அதற்கு வெளியிலோ நின்றனர்.

கிளட்ச் பெடல் இவ்விடத்தில்தான் தனிச் சிக்கலாகிறது. மூன்று பெடல்களிலும் அடிக்கடி முழு ஆழத்துக்கு அமிழ்த்த வேண்டியது அது ஒன்றே. ஆகவே இருக்கையை முன்னோ பின்னோ தள்ளி அமைக்கும்போது தூரத்தை முடிவு செய்வது கிளட்ச்; பிரேக்கோ கைகளின் நீளமோ அன்று. குட்டையான கால்கள் உடையவர் கிளட்ச்சைத் தரைவரை அமிழ்த்துவதற்காக இருக்கையை முன்னே இழுக்கிறார். நெஞ்சு ஸ்டியரிங்கை நெருங்குகிறது. வலக்கால் ஆக்சிலரேட்டருக்கு மிக அண்மையில் வந்து கணுக்கால் கூர்ங்கோணத்தில் மடங்குகிறது. காற்றுப்பை வந்த பின் இது வசதிக் கேள்வியாக மட்டும் நிற்கவில்லை. மார்பெலும்புக்கும் ஸ்டியரிங்கின் நடுவுக்கும் இடையே குறைந்தது 10 அங்குல இடைவெளி வேண்டும் என்று அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் அறிவுறுத்துகிறது. நீண்ட வீச்சுள்ள கிளட்ச் அந்த இடைவெளியைத் தின்றுவிடக்கூடும். உயரத்துக்கு மட்டுமன்றி முன்பின்னாகவும் நகரும் ஸ்டியரிங், நெடுநாள் விலைமிகுந்த கார்களின் வசதியாகவே இருந்தது.

1969-இல் ரெனோ நிறுவனத்தைச் சேர்ந்த ரெபிஃபே ஓட்டுநரின் மூட்டுகளுக்கு ஏற்ற கோண எல்லைகளை முன்மொழிந்தார். முழங்காலுக்கு 95 முதல் 135 பாகை. கணுக்காலுக்கு 90 முதல் 110 பாகை. உடற்பகுதிக்கும் தொடைக்கும் இடையே 95 முதல் 120 பாகை. 1998-இல் போர்ட்டரும் கையியும் விரும்பியவாறு மாற்றியமைக்கத்தக்க ஒரு மாதிரி ஓட்டுநரிடத்தைச் செய்து, மக்கள் தாமே தேர்ந்துகொண்ட அமர்நிலைகளை அளந்தனர். தேர்வுகள் பழைய பரிந்துரைகளோடு எல்லா மூட்டுகளிலும் ஒத்துப்போகவில்லை. மேலும், இத்தகைய பரிந்துரைகள் உடலைப் பக்கவாட்டுத் தோற்றத்தில் வரைபவை. கால் வலமோ இடமோ திரும்பியிருக்கிறதா என்பது பக்கவாட்டுப் படத்தில் தெரியாது.

ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் 1975-இல் நடைமுறைப்படுத்திய 35-ஆம் ஒழுங்குவிதி பெடல்களின் வரிசையையும், அவற்றிடையே இருக்க வேண்டிய இடைவெளிகளையும் வகுத்தது. பிரேக்குக்கும் ஆக்சிலரேட்டருக்கும் இடையே 50 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் 100 மில்லிமீட்டருக்கு மிகாமலும் இருக்க வேண்டும். ஒன்றை முழுவதும் அமிழ்த்தும்போது மற்றொன்று தவறுதலாக இயங்கலாகாது. இடக்கால் ஓய்விலிருக்கும்போது பெடல்களுக்கிடையே சிக்கிக்கொள்ளலாகாது. பெடல்கள் ஒன்றுக்கொன்று எங்கே நிற்க வேண்டும் என்பதில் தெளிவுள்ள விதி இது.

பெடல்களின் நெருக்கம் உயிர்ப்பிரச்சினையாகப் பேசப்பட்ட வழக்கு ஒன்று 1980-களில் அமெரிக்காவில் எழுந்தது. அவுடி 5000 கார்கள் தாமே பாய்ந்து செல்வதாகப் புகார்கள் குவிந்தன. அரசு சார்பில் 1989-இல் வெளிவந்த ஆய்வு, இத்தகைய நிகழ்வுகளில் பெரும்பாலானவை பிரேக் என எண்ணி ஆக்சிலரேட்டரை மிதித்ததால் நேர்ந்தவை என்ற முடிவுக்கு வந்தது. அவை தானியங்கிக் கியர் கொண்ட கார்கள். கையால் கியர் மாற்றும் காரில் புறப்படும்போது இடக்கால் கிளட்ச்சின்மீது இருந்தாக வேண்டும். வலக்கால் தவறினாலும், இடக்கால் அமிழ்ந்திருக்கும்வரை எஞ்சின் இரையுமேயன்றி வண்டி பாயாது. தொல்லை தருவதாகக் கருதப்படும் மூன்றாம் பெடல் ஒரு காவலாகவும் இருந்துவந்தது.

ஒரே வரிசை, இரண்டு பக்கங்கள்

ஸ்டியரிங் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் மாறும்போது காரின் உள்ளறை கண்ணாடியில் காண்பதுபோல் தலைகீழாகிறது. கதவு, சக்கரக் கூடு, நடுமேடு அனைத்தும் பக்கம் மாறுகின்றன. பெடல்களின் வரிசை மட்டும் மாறுவதில்லை. இடப்பக்க ஸ்டியரிங் காரில் சக்கரக் கூடு கிளட்ச்சின் பக்கம் புடைக்கிறது. பெடல்கள் வலமாக ஒதுங்குகின்றன. வலக்கால் தன் இயல்புப்படி வெளிநோக்கிச் சாய்ந்து ஆக்சிலரேட்டரை எட்டுகிறது. கூட்டின் சரிவான முகமே இடக்காலுக்குச் சாய்மானமாகிவிடுகிறது. வலப்பக்க ஸ்டியரிங் காரில் அதே கூடு ஆக்சிலரேட்டரின் பக்கம் புடைக்கிறது. பெடல்கள் இடமாக ஒதுங்குகின்றன. இடையறாது பணிபுரியும் வலக்கால் உள்நோக்கி இழுக்கப்படுகிறது. கிளட்ச் நடுமேட்டை ஒட்டிச் சென்றுவிடுவதால் இடக்கால் வைக்க இடமில்லை. ஒரே குறை ஒரு பக்கத்தில் பொறுக்கத்தக்கதாகவும் மறுபக்கத்தில் நாளடைவில் வலியாகவும் மாறுவதற்கு இந்த எளிய வடிவியலே போதுமானது.

இடப்பக்க ஸ்டியரிங் நாடுகளில் வரையப்பட்டுப் பின்னர் வலப்பக்கத்துக்கு மாற்றப்பட்ட கார்களில் சிக்கல் இன்னும் கூடுகிறது. சிலவற்றில் பிரேக்கின் விசைபெருக்கி இடப்புறமே விடப்பட்டு, வலப்புறப் பெடலிலிருந்து குறுக்குத் தண்டு ஒன்றால் இணைக்கப்படுகிறது. பெடல் பெட்டியை நகர்த்துவதற்கு இருக்கும் இடத்தை அத்தண்டு மேலும் குறைக்கிறது.

இந்தியச் சாலைகளில் இவ்வரலாறு வேறொரு வரிசையில் நிகழ்ந்தது. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014 வரை செய்துவந்த அம்பாசடர், பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் வழிவந்தது. வலப்பக்க ஸ்டியரிங் நாட்டிலேயே கருவானது. நெடுங்காலம் அதன் கியர் நெம்புகோல் ஸ்டியரிங் தண்டில் இருந்தது. முன்னிருக்கை ஒரே நீளப் பலகை. நடுவில் நெம்புகோல் இல்லாததால் கால்களை அகட்டவும் உடலைச் சற்றே நகர்த்தி அமரவும் ஓட்டுநருக்கு உரிமை இருந்தது. பலகை முழுவதும் ஒன்றாக நகர்வதால் ஓட்டுநருக்கு ஏற்ப அருகில் அமர்ந்தவரும் முன்னே வரவேண்டும் என்பது வேறு செய்தி. இத்தாலியின் ஃபியட் 1100-இன் வழிவந்த பிரீமியர் பத்மினியும் ஸ்டியரிங் தண்டிலேயே கியர் மாற்றும் வண்டி. இவ்விரண்டையும் பெரிதும் ஓட்டியவர்கள் உரிமையாளர்கள் அல்லர். டாக்சி ஓட்டுநரும் அலுவலகக் கார் ஓட்டுநருமே. முதுகுக்குத் தலையணையும் மரமணி கோத்த இருக்கை விரிப்பும் அவர்கள் தாமே கண்டுகொண்ட உடலளவியல் எனலாம்.

1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 இந்த ஏற்பாட்டை மாற்றியது. 796 கன செ.மீ. எஞ்சின் குறுக்கே கிடந்தது; முன்சக்கர உந்துதல்; தரையில் கியர் நெம்புகோல்; தனித்தனி முன்னிருக்கைகள். சுசுகியின் நாடான ஜப்பானிலும் ஸ்டியரிங் வலப்பக்கமே ஆதலால், பக்கம் மாற்றிய வண்டியின் குறை இதற்கு இல்லை. ஆனால் சிறுமையின் குறை இருந்தது. வலப்புறச் சக்கரக் கூடு கால்குழிக்குள் வந்தது. பெடல்கள் இடமாக ஒதுங்கின. இடக்காலுக்கெனத் தனி ஓய்விடம் இல்லை. ஓய்விடம் இல்லாத கால் கிளட்ச்சின்மீதே ஓய்ந்தது. கிளட்ச்சின்மேல் கால் வைத்தபடி ஓட்டுவதால் அதன் தகடும் விடுவிப்புத் தாங்கியும் விரைவில் தேய்வதை மெக்கானிக்குகள் ஓட்டுநரின் கெட்ட பழக்கம் என்றே பெரும்பாலும் கூறுவர். பழக்கத்துக்கு இடம் தந்தது தரையின் வடிவம் என்பது அக்கூற்றில் விடுபட்டுப்போகிறது. உரிமையாளரே ஓட்டும் கார் இந்தியாவில் பெருகியதும் இக்காலத்தில்தான். பெண்கள் பெருந்தொகையில் ஓட்டுநர் இருக்கைக்கு வந்ததும் இவ்வளவு சிறிய கால்குழிகளின் வழியாகவே.

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளின் கார்களில் இரட்டைக் கட்டுப்பாடு வேண்டும் என்கின்றன. ஆகவே பயிற்றுநரின் பக்கத்திலும் கிளட்ச்சும் பிரேக்கும் பொருத்தப்படுகின்றன. அவர் அமர்ந்திருப்பது இடப்பக்கம். அவருடைய சக்கரக் கூடு அவரது கிளட்ச்சின் புறத்தில் இருக்கிறது. மாணவரின் சக்கரக் கூடு மாணவரின் ஆக்சிலரேட்டரின் புறத்தில். மேலே சொன்ன இரு வடிவியல்களும் ஒரே காருக்குள் அருகருகே அமைந்துவிடும் இடம் இது.

1990-களின் பிற்பகுதியில் கொரிய, ஐரோப்பிய நிறுவனங்கள் வந்தன. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் சான்ட்ரோவைச் செய்த ஹூண்டாயின் தாய்நாடு இடப்பக்க ஸ்டியரிங் நாடு. பின்னர் அதே ஆலையிலிருந்து ஐ10 கார்கள் உலகின் பல சந்தைகளுக்கும் சென்றன. ஒரே உடற்கூட்டில், செல்லும் நாட்டுக்கேற்ப வலப்புறமோ இடப்புறமோ பெடல் பெட்டி பூட்டப்பட்டது. இவ்வாறு இரு பக்கங்களுக்கும் பொதுவாகத் தொடக்கத்திலேயே வரையப்படும் கார்களில் கால்குழி முன்பைவிட நேர்மையாக அமைகிறது. முன்சக்கரத்தைச் சற்று முன்னே தள்ளுவதும் இருக்கையை உயர்த்துவதும் இதற்கு உதவின. இருக்கை உயர்ந்தால் கால் முன்னோக்கி நீள வேண்டிய தேவை குறையும். சக்கரக் கூட்டுக்குப் பின்னேயே பெடல்களை நிறுத்திவிடலாம்.

2014-இல் மாருதி செலேரியோவில் கிளட்ச் பெடல் இல்லாத தானியக்கக் கியர் மாற்றம் குறைந்த விலையில் கிடைக்கத் தொடங்கியது. கையால் மாற்றும் அதே கியர்பெட்டியைக் கருவி ஒன்று இயக்குகிறது. ஆதலால் இருவகைக் கார்களுக்கும் உடற்கூடும் தரையும் ஒன்றே. கிளட்ச் இருந்த இடம் இடக்காலுக்குக் கிடைத்திருக்கிறது. வலப்புறச் சக்கரக் கூடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் அதனை ஒட்டியே நிற்கின்றன.